நிக்ஸ் – பேசர்ஸ்: கூடை விழுந்த பிறகு வரும் எட்டு வினாடி

கேள்வி இதுதான் (2025 மே, தொடர் தொடங்கும் முன் எழுதியது): என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் 2025 கிழக்கு கான்ஃபரன்ஸ் (கிழக்குப் பக்க அணிகள்) இறுதியில் நியூயார்க் நிக்ஸும் இண்டியானா பேசர்ஸும் மோதப் போகிறார்கள். ஒரு கூட்டம் 90களின் பேசர்ஸ் நட்சத்திரம் ரெஜி மில்லர் காலத்துக் கதையை எடுத்து வைக்கிறது. இன்னொரு கூட்டம், போன வருஷம் நிக்ஸ் ஆட்கள் வரிசையாக அடிபட்டதால்தான் பேசர்ஸ் தப்பித்தது என்கிறது. யார் சொல்வது சரி, இந்தத் தடவை யாருக்கு வாய்ப்பு?

முதலில் நேரக் கணக்கு. ஆட்டங்கள் நியூயார்க் நேரப்படி இரவு 8 மணிக்கு. நமக்கும் இலங்கைக்கும் அது மறுநாள் அதிகாலை 5.30, சிங்கப்பூரில் காலை 8. முதல் ஆட்டம் மே 21, அதாவது இங்கே மே 22 விடியற்காலை. முதல் இரண்டும் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், அடுத்த இரண்டும் இண்டியானாபொலிஸில். 5, 7 தேவைப்பட்டால் நியூயார்க்கில், 6 தேவைப்பட்டால் இண்டியானாவில். நிக்ஸ் 51-31 என்று 3ஆம் இடம், பேசர்ஸ் 50-32 என்று 4ஆம் இடம். ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் சொந்தக் கள அனுகூலம் நிக்ஸுக்குப் போயிருக்கிறது.

இரண்டு கூட்டமும் பாதி சரி. மில்லர் கதையில் உணர்ச்சி இருக்கிற அளவுக்கு ஆட்டக் கணக்கு இல்லை. ஆனால் அதற்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது, அது இன்றைக்கும் செல்லும். இந்த இரண்டு அணிகளுக்கு நடுவே ஆட்டம் திரும்புவது பெரும்பாலும் பந்து வளையத்துக்குள் விழுந்த அடுத்த எட்டு வினாடியில். பந்தை ஓரத்திலிருந்து யார் உள்ளே போடுகிறார், யார் வாங்குகிறார், நடுக்கோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது, இதில்தான்.

இதுவரை இவர்கள் பிளேஆஃபில் (சீசன் முடிந்த பிறகு வரும் வெளியேற்றத் தொடர்கள்) எட்டுத் தடவை மோதியிருக்கிறார்கள். 1993, 1994, 1999 நிக்ஸுக்கு. 1995, 1998, 2000, 2013, 2024 பேசர்ஸுக்கு. கான்ஃபரன்ஸ் இறுதியில் இது நாலாவது சந்திப்பு. நிக்ஸ் 2000க்குப் பிறகு இந்தத் தொடர் வரை இவ்வளவு தூரம் வந்ததே இல்லை, கடைசியாகக் கோப்பை வாங்கியது 1973இல். இந்தத் தொடருக்கு முன் பேசர்ஸ் என்பிஏ இறுதிக்குப் போனதே ஒரே தடவை, அதே 2000இல். அவர்களுடைய மூன்று பட்டங்களும் ஏபிஏ என்ற பழைய லீகில் வாங்கியவை.

எல்லாரும் முதலில் எடுப்பது 1994 ஐந்தாவது ஆட்டம். மூன்று குவார்ட்டர் முடிந்தபோது நிக்ஸ் 70-58 என்று முன்னால். கடைசி குவார்ட்டரில் மில்லர் மட்டும் 25 புள்ளி. பேசர்ஸ் அந்த 12 நிமிடத்தில் 35, நிக்ஸ் 16. முடிவு 93-86. கோர்ட் ஓரத்து நாற்காலியில் இருந்த நிக்ஸ் ரசிகரான சினிமா இயக்குநர் ஸ்பைக் லீயைப் பார்த்து, உங்கள் ஆட்களுக்கு மூச்சு முட்டுகிறது என்பதுபோல் மில்லர் கழுத்தைப் பிடித்துக் காட்டியது இதில்தான். ஆனால் இந்த ஆட்டத்தைச் சொல்கிறவர்கள் பாதிப் பேர் தொடரை ஜெயித்தது நிக்ஸ் என்பதை விட்டுவிடுகிறார்கள். ஆறாவது ஆட்டத்தை இண்டியானாவிலேயே போய் எடுத்து, ஏழாவதை 94-90 என்று முடித்தார்கள். அதில் நிக்ஸின் பேட்ரிக் யூயிங்குக்கு 24 புள்ளி, 22 ரீபவுண்ட் (தவறிய பந்தை எடுப்பது). ஜான் ஸ்டார்க்ஸ் தவறவிட்ட பந்தைப் பின்னாலிருந்து வந்து வளையத்துக்குள் அறைந்தாரே, அதுதான் தொடரையே முடித்தது. ஒரு சூடான குவார்ட்டர் ஒரு ஆட்டத்தைத் தரும். ரீபவுண்ட் ஏழு ஆட்டத்துக்கும் தொடர்ந்து வரும்.

1995 முதல் ஆட்டம்தான் உண்மையான பாடம். "8.9 வினாடியில் 8 புள்ளி" என்பது எல்லாருக்கும் மனப்பாடம், எப்படி நடந்தது என்பதைத்தான் யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. 18.7 வினாடி இருக்கும்போது நிக்ஸ் 105-99. மில்லர் ஒரு த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளிப் பந்து) போடுகிறார், கடிகாரம் 16.4. இப்போது பந்து நிக்ஸ் கையில். ஆந்தனி மேசன் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே போட வேண்டும், ஐந்து வினாடிதான் அவகாசம். வாங்க வேண்டிய கிரெக் ஆந்தனி இடறிக் கீழே விழுகிறார். பந்து நேராக மில்லர் கைக்கு வருகிறது. வளையத்துக்குக் கீழே நின்றவர் இரண்டு புள்ளிக்கு ஏறவில்லை. திரும்பி, கோட்டுக்கு வெளியே ஓடி, இன்னொரு த்ரீ. 13.2 வினாடி, 105-105. அடுத்து பேசர்ஸ் அவசியமே இல்லாமல் ஸ்டார்க்ஸை ஃபவுல் செய்தது. ஸ்டார்க்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி வீச்சு) விட்டார். யூயிங் ரீபவுண்ட் எடுத்துப் போட்டதும் போகவில்லை. அந்தப் பந்தை எடுத்த மில்லரை நிக்ஸ் ஃபவுல் செய்ய, 7.5 வினாடியில் இரண்டும் உள்ளே. 107-105.

அந்த எட்டில் மில்லரின் திறமைக்குச் சேர வேண்டியது ஐந்து என்று வைத்தால், மீதி மூன்று நிக்ஸ் இன்பவுண்ட் (ஓரத்திலிருந்து உள்ளே தரும் பந்து) போடத் தெரியாமல் கொடுத்தது. இன்னொரு சின்னத் தகவல்: 1994-95 முதல் மூன்று சீசனுக்கு லீக் த்ரீ கோட்டை எல்லாப் பக்கமும் 22 அடிக்குக் குறைத்து வைத்திருந்தது. 1995இன் அந்த இரண்டு த்ரீயும் கிட்டக் கோட்டிலிருந்து வந்தவை. 1994இல் போட்டவை 23 அடி 9 அங்குலக் கோட்டுக்கு வெளியே இருந்து. எது பெரியது என்று சண்டை போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போய், யூயிங் விரலால் உருட்டிவிட்ட கடைசிப் பந்து வளையத்தின் பின்பக்கத்தில் பட்டு வெளியே வந்தது. 97-95 பேசர்ஸ். 1998 பேசர்ஸுக்கு 4-1, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

1999 வேறு மாதிரி. வேலைமுடக்கத்தால் 50 ஆட்டமாகச் சுருங்கிய சீசன், எட்டாம் இடத்தில் நுழைந்த நிக்ஸ், இரண்டாவது ஆட்டத்தோடு யூயிங் அகிலிஸ் தசைநார்க் காயத்தில் வெளியே. மூன்றாவது ஆட்டத்தில் 11.9 வினாடி இருக்கும்போது பேசர்ஸ் 91-88. நிக்ஸின் லாரி ஜான்சன் த்ரீ போட எழும்பும்போது ஆன்டோனியோ டேவிஸ் மேலே படுகிறார், விசில், பந்தும் உள்ளே. கூடவே ஃப்ரீ த்ரோ, 92-91. மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி எதிராளியின் உடம்பைத் தொட்டால் எப்படிச் சுடும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. அதே வில்லங்கம் இந்த வருஷம் மார்ச்சில் பேசர்ஸுக்குச் சாதகமாகத் திரும்பியது. மில்வாக்கி 114-111 என்று இருக்கும்போது கடைசி வினாடிகளில் பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் ஓரத்தில் சரிந்தபடி த்ரீ போட, யானிஸ் ஆன்டெட்டோகூம்போ மேலே விழ, நாலு புள்ளி. 115-114.

2000 ஆறாவது ஆட்டத்தில் மில்லர் 34 போட்டு நிக்ஸை அவர்கள் வீட்டிலேயே முடித்தார். 2013இல் கார்மெலோ ஆந்தனி அறைய வந்த பந்தை ராய் ஹிபர்ட் மேலேயே மறித்தது நினைவிருக்கும். இந்த இரண்டையும் இப்போதைய தொடருக்குக் கொண்டுவந்து ஒட்டவைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 90களில் காவலர் கையை இடுப்பில் வைத்தே ஆளை நிறுத்தலாம், மண்டலத் தடுப்புக்கு (ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பது) அனுமதி இல்லை, 90 புள்ளியில் ஆட்டம் முடியும். விதியே மாறிய பிறகு ஸ்கோரை ஒப்பிடுவதில் பலனில்லை. நடுக்கோட்டைத் தாண்ட அப்போது 10 வினாடி, 2001க்குப் பிறகு 8. இந்த மாற்றம் மட்டும் கீழே வேலைக்கு ஆகும்.

இனி 2024. அதைத்தான் சரியாகப் படிக்க வேண்டும்.

பேசர்ஸ் 4-3. முதல் ஆறு ஆட்டத்தையும் சொந்தக் களத்து அணியே எடுத்தது, ஏழாவதை மட்டும் பேசர்ஸ் நியூயார்க்கில் வந்து 130-109 என்று பறித்தது. அன்று அவர்கள் போட்ட 79இல் 53 உள்ளே போனது. 67.1 சதவீதம், பிளேஆஃப் வரலாற்றில் அதற்கு மேல் யாரும் போட்டதில்லை. "நிக்ஸ் அடிபட்டுப் போனது" என்பதும் கற்பனை இல்லை. ஜூலியஸ் ராண்டில் ஜனவரியிலிருந்தே இல்லை. மிச்சல் ராபின்சன் முதல் ஆட்டத்தோடு போனார். ஓ.ஜி. அனுனோபிக்கு இரண்டாவது ஆட்டத்தில் தொடைத் தசை, ஏழாவதில் இறங்கி ஐந்து நிமிடம்கூட உருப்படியாக ஓட முடியவில்லை. ஏழாவதிலேயே ஜேலன் பிரன்சனின் இடது கை எலும்பு முறிந்தது. நடுவர்கள் சண்டை வேறு: முதல் இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு பேசர்ஸ் 78 காட்சித் துண்டுகளை லீகுக்கு அனுப்பியது, பயிற்சியாளர் ரிக் கார்லைலுக்கு 35,000 டாலர் அபராதம் விழுந்தது.

ஆனால் காயம் பாதிக் கதைதான். பிரன்சனின் புள்ளிகளை வரிசையாகப் பாருங்கள்: 43, 29, 26, 18, 44, 31, 17. மூன்றாவது ஆட்டத்திலிருந்து சரிவு. அதில்தான் பேசர்ஸ் ஏரன் நெஸ்மித்தை அவர் மேல் ஏவி, பந்து கைக்கு வந்த இடத்திலிருந்தே, எண்டு முதல் எண்டு வரை 94 அடியும் ஒட்டிக்கொண்டு வந்தது. இதைப் பார்க்கிறவர் பந்தைப் பறிக்கத்தான் என்று நினைப்பார். அதற்கல்ல. கணக்கு இப்படி: ஷாட் கடிகாரம் (ஒரு அணி பந்தை வளையத்துக்குப் போட உள்ள நேரம்) 24 வினாடி. சாதாரணமாகப் பந்து கொண்டுவருகிறவர் நாலு வினாடியில் நடுக்கோட்டைத் தாண்டி, 18இல் முதல் ஸ்கிரீனை (துரத்துகிறவரை மறிக்கச் சக வீரர் குறுக்கே நிற்பது) வாங்குவார். அது பலிக்காவிட்டால் இரண்டாவது ஸ்கிரீனுக்கு 11, 12 வினாடி மிச்சம் இருக்கும். ஒருவர் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தால் தாண்டும்போதே 17, ஸ்கிரீன் வாங்கும்போது 13. முதல் முயற்சி மறிபட்டால் கையில் ஐந்து ஆறு வினாடிதான். அப்புறம் என்ன செய்வார், கடினமான தூரப் பந்து போடுவார். பேசர்ஸுக்கு வேண்டியது அதுதான். பந்தைப் பறித்தால் லாபத்துக்கு மேல் லாபம்.

இதில் இரண்டாவது செலவும் இருக்கிறது: கால். பிரன்சன் நிக்ஸின் மொத்தத் தாக்குதலையும் சுமக்கிறவர். ஒவ்வொரு தடவையும் மைதானம் முழுக்க இழுபறியோடு பந்து கொண்டுவந்தால் நாலாவது குவார்ட்டரில் தாவும் உயரம் குறையும், போடும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடிக்கும். "முன்விளிம்பு இடித்தால் கால் போய்விட்டது" என்று பயிற்சியாளர்கள் சொல்வது சும்மா இல்லை. துரத்துகிறவருக்கும் களைப்புதான், ஆனால் பேசர்ஸில் துரத்த மூன்று பேர்: நெஸ்மித், ஆண்ட்ரூ நெம்பார்ட், டி.ஜே. மெக்கானல். மாற்றி மாற்றி விடலாம்.

ஐந்தாவது ஆட்டத்தில் நிக்ஸ் கண்டுபிடித்த பதிலையும் பார்க்க வேண்டும். மைல்ஸ் மெக்பிரைடைத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள், பந்து கொண்டுவரும் வேலையில் பாதி அவருக்குப் போனது, பிரன்சன் ஓரமாக நடந்து வந்து அரைக்களத்தில் பந்தை வாங்கினார். 44 புள்ளி. கூடவே ஐசையா ஹார்டன்ஸ்டைன் தாக்குதல் பக்கம் மட்டும் 12 ரீபவுண்ட். 121-91. பேசர்ஸை உடைக்க வழி உண்டு என்பதற்கு இது சாட்சி. இரண்டாவது ஆள் பந்து கொண்டுவர வேண்டும், தவறிய பந்துகளை எடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். ஹார்டன்ஸ்டைன் இப்போது ஓக்லஹோமாவில். அவர் செய்த வேலை இப்போது ராபின்சன் தலையில்.

இந்த வருஷ நிக்ஸ் வேறு அணி. கார்ல்-ஆந்தனி டவுன்ஸ், மிகால் பிரிட்ஜஸ் இருவரும் புதிது. அனுனோபி ஆரோக்கியமாக இருக்கிறார். பாஸ்டனை 4-2 என்று முடித்த விதம் நினைவிருக்கும். முதல் இரண்டு ஆட்டத்திலும் 20 புள்ளி பின்தங்கி, பாஸ்டனிலேயே இரண்டையும் எடுத்தார்கள். இரண்டிலும் கடைசிப் பந்தைப் பிரிட்ஜஸ் கையால் பிடுங்கினார், ஒன்றில் ஜேலன் பிரவுனிடம், ஒன்றில் ஜேசன் டேட்டமிடம். அதே சமயம் பாஸ்டன் முதல் ஆட்டத்தில் 60 த்ரீ போட்டு 45 விட்டது என்பதையும், நாலாவதில் டேட்டம் அகிலிஸ் கிழிந்து வெளியேறினார் என்பதையும் மறக்கக் கூடாது. பேசர்ஸ் அப்படி 60 த்ரீ போடுகிற அணி இல்லை.

சீசனில் நேருக்கு நேர் மூன்று ஆட்டம். அக்டோபர் 25 நிக்ஸ் 123-98, நவம்பர் 10 பேசர்ஸ் 132-121, பிப்ரவரி 11 நிக்ஸ் 128-115. முதலிரண்டும் சீசன் தொடங்கிய கையோடு நடந்தவை, பேசர்ஸ் அப்போது காயங்களால் தள்ளாடிக்கொண்டிருந்தது. ராபின்சன் மூன்றிலும் இல்லை, பிப்ரவரி கடைசியில்தான் திரும்பினார். இவற்றை வைத்து எதுவும் நிரூபிக்க வேண்டாம்.

நிக்ஸுக்குள்ள பெரிய சிக்கல் ஜாஷ் ஹார்ட் நிற்கும் மூலையில் இருக்கிறது. பிரன்சனும் டவுன்ஸும் ஸ்கிரீன் ஆடினால் சாதாரணமாக எதிரணியின் உயரமான மையக்காரர் டவுன்ஸோடு வெளியே வர வேண்டியிருக்கும், வளையம் காலியாகும். டவுன்ஸ் த்ரீயில் இந்த சீசன் 42 சதவீதம், விட்டுவைக்க முடியாது. சீசனின் பின்பாதியில் எதிரணிகள் ஒரு குறுக்கு வழி பிடித்தன: மையக்காரரை ஹார்ட் மேல் போட்டுவிட்டு, டவுன்ஸ் மேல் ஒரு விங் (நடுத்தர உயரமுள்ள ஓரத்து) ஆளைப் போடுவது. ஹார்ட் மூலையில் நின்றால் அவரை விட்டுவிட்டு மையக்காரர் வளையத்துக்கடியிலேயே குடியிருக்கலாம். டவுன்ஸ் ஸ்கிரீன் வைத்தால் இரண்டு விங் ஆட்களும் சும்மா ஆளை மாற்றிக்கொள்ளலாம். பிரன்சன், ஹார்ட், பிரிட்ஜஸ், அனுனோபி, டவுன்ஸ்: லீகிலேயே அதிக நிமிடம் சேர்ந்து ஆடிய ஐவர் இவர்கள். ஆனால் பிளேஆஃபில் இவர்கள் களத்தில் இருந்த நேரம் நிக்ஸுக்கு ஆதாயம் காட்டவில்லை. காரணத்தில் பெரும்பங்கு இதுதான்.

பேசர்ஸ் இதைச் செய்ய வசதியான அணி. மைல்ஸ் டர்னரை ஹார்ட் மேல், நெஸ்மித்தையோ பாஸ்கல் சியாகமையோ டவுன்ஸ் மேல். நிக்ஸின் மாற்றுகள் மூன்று. ஒன்று, ஹார்ட்டே வந்து பிரன்சனுக்கு ஸ்கிரீன் வைப்பது. அப்போது டர்னர் பந்துக்கு வர வேண்டும், ஹார்ட் ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கி நாலுக்கு மூன்று என்று ஓட்டலாம். அந்த இடத்தில் அவர் நல்ல பாஸர். இரண்டு, டவுன்ஸை முதுகு காட்டி நிற்கவைத்துச் சின்ன ஆள் மேல் நேராகப் பந்து கொடுப்பது. இதில் டவுன்ஸ் கையால் தள்ளி ஃபவுல் வாங்கும் பழக்கம் குறுக்கே வரும். மூன்று, ஹார்ட்டை உட்காரவைத்து ராபின்சனை டவுன்ஸோடு இறக்குவது. எனக்கு மூன்றாவதில்தான் நம்பிக்கை. தூரப் பந்து போடத் தெரியாத ஆள் இன்னொருவர் உள்ளே வருகிறாரே என்று கேட்கலாம், ஆனால் ராபின்சன் வளையத்தடியில் நின்றால் தவறிய பந்தெல்லாம் அவருக்குத்தான். பந்துக்கு இரண்டு பேர் முண்டும்போது பேசர்ஸ் ஓடவும் முடியாது.

ராபின்சனுக்கு விலை ஒன்று உண்டு: ஃப்ரீ த்ரோ. பாஸ்டன் வேண்டுமென்றே அவரைப் பிடித்துப் பிடித்து ஃபவுல் செய்தது. பேசர்ஸும் செய்யும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விதிப்படி ஒவ்வொரு குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில் பந்தில்லாத ஆளைப் பிடித்தால் ஒரு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் திரும்பக் கிடைக்கும், அதனால் அந்தத் தந்திரம் 2 நிமிடத்துக்கு முன்னால் மட்டுமே பலிக்கும். இந்தத் தொடரில் நிக்ஸ் பயிற்சியாளராக இருக்கும் டாம் திபடோ செய்ய வேண்டியது, 4 நிமிடம் இருக்கும்போது அவரை வெளியே எடுத்து 2 நிமிடக் கோட்டில் திரும்ப இறக்குவது. செய்வாரா என்பது வேறு. திபடோ ஆட்களை மாற்றுவதில் கொஞ்சம் கஞ்சம். ஹார்ட் இந்த சீசன் சராசரி 37.6 நிமிடம், லீகிலேயே அதிகம்.

மறுபக்கம் பேசர்ஸ் தாக்குதல். கூடை வாங்கிய பிறகும் ஓடுகிற அணி இது, பலர் கவனிக்காதது இதுதான். மற்ற அணிகள் தவறிய பந்தில்தான் ஓடும். இவர்கள் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து, டர்னரோ சியாகமோ ஒரு எட்டு வைத்து உள்ளே போட, ஹாலிபர்ட்டன் தட்டாமலேயே முன்னால் வீசிவிடுவார். நீங்கள் கூடை போட்ட மகிழ்ச்சியில் அரை வினாடி நின்றால் எதிரே சியாகம் வளையத்தடியில் இருப்பார். ஹாலிபர்ட்டனுக்கு ஆட்டத்துக்கு 9.2 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்), டர்ன்ஓவர் வெறும் 1.6. இவ்வளவு வேகத்தில் ஓடி இவ்வளவு குறைவாகப் பந்தை இழப்பது அபூர்வம்.

அவரை நிறுத்த முடியாது என்றில்லை. கிளீவ்லாந்து மூன்றாவது ஆட்டத்தில் மண்டலத் தடுப்புப் போட்டு அவரை 4 புள்ளியில் உட்காரவைத்தது. முன்வரிசையில் நீண்ட கைகள் நின்றால் அவருக்குப் பார்வைக்கோடு மறைகிறது, ஓடும் பந்து நடக்கும் பந்தாகிறது. நிக்ஸிடம் பிரிட்ஜஸ், அனுனோபி என்று அதற்கேற்ற கைகள் இருக்கின்றன. ஆனால் மண்டலம் போடுவதற்கு முதலில் ஐந்து பேரும் பின்னால் வந்து நிற்க வேண்டும். பேசர்ஸ் அதற்கு விட்டால்தானே.

அரைக்களத்தில் அவர்கள் தேடுவது பிரன்சனை. அவர் காக்கிற ஆளை ஸ்கிரீனுக்குக் கூப்பிட்டு ஹாலிபர்ட்டன் முன்னால் இழுப்பார்கள். பிரன்சன் எட்டி மறித்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்பி ஓட வேண்டும், ஒரு இரவில் இருபது முப்பது தடவை. 94 அடிச் சுமையோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். டவுன்ஸ் பக்கமும் வலிதான். டர்னர் ஸ்கிரீன் வைத்துவிட்டு வளையத்துக்கு ஓடாமல் வெளியே விலகி த்ரீ போடுகிறவர், டவுன்ஸோ பின்வாங்கி நிற்கப் பழகியவர். முதல் குவார்ட்டரில் டர்னருக்கு இரண்டு த்ரீ விழுந்தால் நிக்ஸ் தன் திட்டத்தையே மாற்ற வேண்டி வரும்.

சியாகம் – அனுனோபி மோதல் டொராண்டோ தமிழர்களுக்குத் தனி ருசி. இருவரும் 2019 ராப்டர்ஸ் பட்ட அணியில் இருந்தவர்கள். குடல்வால் அறுவை சிகிச்சையால் அனுனோபி அந்த பிளேஆஃபில் ஆடவே முடியவில்லை. சியாகமின் சுழற்சி, இடது தோள் காட்டி வலது பக்கம் திரும்புவது எல்லாம் பயிற்சியில் தினம் பார்த்தவர் அனுனோபி. அரைக்களத்தில் அவர் சமாளிப்பார். ஓட்டத்தில் ஹார்ட் மேலோ பிரன்சன் மேலோ சியாகம் மாட்டிக்கொள்ளும்போதுதான் ஆபத்து.

இப்போது அந்த எட்டு வினாடிக்குத் திரும்புவோம். இந்த பிளேஆஃபில் பேசர்ஸ் 8-2. அதில் இரண்டு ஆட்டம் செத்துப் பிழைத்தவை. மில்வாக்கிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், 40 வினாடி இருக்கும்போது 118-111 என்று பின்னால். முடிவு 119-118, ஹாலிபர்ட்டன் கடைசியில் ஏறிப் போட்டது. 64 வெற்றி எடுத்த கிளீவ்லாந்துக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 119-112 என்று பின்னால். ஹாலிபர்ட்டன் தான் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவைத் தானே எடுத்து, பின்வாங்கி, 1.1 வினாடியில் த்ரீ. 120-119. அதிர்ஷ்டம் என்று ஒரு தடவை சொல்லலாம். இரண்டிலும் எதிரணி பந்தை உள்ளே கொண்டுவரத் திணறியது, முழு மைதானத் துரத்தலில் பதறியது. 1995இல் கிரெக் ஆந்தனி விழுந்த அதே இடம். மெக்கானல் வேறு, எதிராளி அசட்டையாகப் போடும் இன்பவுண்டைப் பதுங்கி நின்று அடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர். 2021 மார்ச்சில் ஒரே ஆட்டத்தில் 10 ஸ்டீல் (பந்துப் பறிப்பு) எடுத்தவர்.

ஆகவே நிக்ஸ் முன்னிலையில் இருந்தால் கடைசி மூன்று நிமிடத்தை எப்படி நடத்த வேண்டும்? கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு அணிக்கு இரண்டு டைம் அவுட்தான் அனுமதி. அந்த இரண்டும் கையில் இருந்தே ஆக வேண்டும், நடுவரோடு வாதாடுவதற்குச் செலவழித்துவிடக் கூடாது. கடைசி இரண்டு நிமிடத்தில் டைம் அவுட் எடுத்தால் பந்தை முன்களத்துக்கே நகர்த்திக்கொள்ளலாம், துரத்தலே இருக்காது. எதிரணி கூடை போட்ட பிறகு இன்பவுண்ட் போடுகிறவர் கோட்டின் நீளத்துக்கு ஓடலாம் என்பதைப் பயன்படுத்த வேண்டும், நட்டுவைத்த மரமாக நிற்கக் கூடாது. போடுகிறவர் உயரமான, நிதானமான ஆளாக இருக்கட்டும், பிரிட்ஜஸ் சரி. பிரன்சனே வாங்க வேண்டும் என்றால் எதிராளிக்கும் அது தெரியும், அதனால் மெக்பிரைடும் களத்தில் வேண்டும். மூன்று புள்ளி முன்னிலை, எட்டு வினாடிக்குக் கீழ் என்றால், எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஃபவுல், போட எழும்பிய பிறகு கையை எடுத்துவிட வேண்டும். ஆன்டோனியோ டேவிஸைக் கேட்டால் மீதியைச் சொல்வார்.

கட்டுப்பாட்டோடு ஆடினால் நிக்ஸ் ஜெயிக்கக்கூடிய தொடர்தான். இந்த சீசனின் கிளட்ச் (இறுக்கமான கடைசி நிமிடங்களில் சாதிக்கும்) வீரர் விருது பிரன்சனுக்குத்தான் கிடைத்திருக்கிறது, ஒற்றைப் பந்தில் முடிவாக வேண்டிய ஆட்டத்தில் இன்னும் அவரைத்தான் நம்புவேன். டெட்ராய்ட்டை 4.3 வினாடியில் ஒரு த்ரீயால் வீட்டுக்கு அனுப்பியவர். ஆனால் ஏழு ஆட்டம், ஒருநாள் விட்டு ஒருநாள். பேசர்ஸ் மே 13லேயே வேலையை முடித்துவிட்டு ஓய்வெடுக்கிறது, நிக்ஸ் 16 வரை ஆடியது. அங்கே பத்துப் பேர் சுழல்கிறார்கள், இங்கே ஏழு, தாராளமாகச் சொன்னால் எட்டு. என் கணிப்பு பேசர்ஸ் 4-3. ராபின்சன் இரண்டாவது ஆட்டத்திலிருந்தே 28 நிமிடத்துக்கு மேல் ஆடினால் இதைத் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டத்தில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், மூன்று விஷயத்தை மட்டும் பாருங்கள். முதல் ஜம்ப் பால் முடிந்ததும் டர்னர் யார் மேல் நிற்கிறார். இரண்டாவது குவார்ட்டர் தொடக்கத்தில் பிரன்சன் உட்காரும்போது மெக்கானல் கூட்டம் எத்தனை புள்ளி அடிக்கிறது. நாலாவது குவார்ட்டரில் பிரன்சன் நடுக்கோட்டைத் தாண்டும்போது ஷாட் கடிகாரம் என்ன காட்டுகிறது: 20 என்றால் நிக்ஸ் பாடு பரவாயில்லை, 17 என்றால் விசில் அடிக்கும் வரை எழுந்திருக்காதீர்கள். கமென்டரியில் ரெஜி மில்லரே உட்கார்ந்திருப்பார், கார்டன் கூட்டம் அவரை என்ன சொல்லித் திட்டுகிறது என்பதையும் போகிற போக்கில் கேட்டுக்கொள்ளலாம்.